ஆடின கால் சும்மா இருக்கலாமா?

காற்பந்து ஆட்டக்காரர்களின் இருதயமும் ஆயுளும்: தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



காற்பந்து ஆட்டக்காரர்களின் இருதய நலமும் ஆயுளும் என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் ஐரோப்பிய ஆட்டக்காரர்களின் இருதயத்தைப் பற்றி நமக்கென்ன கவலை என்று சிலர் நினைக்கலாம். கவலை இருக்கிறது. நம் சமுதாயத்தில் காற்பந்து ஆடாத குடும்பம் குறைவு. தோட்டத்துத் திடலில் வெறுங்காலோடு பந்து உதைத்து வளர்ந்தவர்களின் பிள்ளைகள் இன்று பட்டணத்தில் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து புட்சால் ஆடுகிறார்கள். பேரப்பிள்ளைகள் சனிக்கிழமை காலையில் பயிற்சிப் பள்ளிக்குப் போகிறார்கள். அதே சமுதாயத்தில்தான் நீரிழிவும் இருதய நோயும் மற்றவர்களைவிட அதிகமாக இருக்கின்றன. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும்.

காற்பந்தையும் இருதயத்தையும் பற்றி மக்களிடையே இரண்டு நம்பிக்கைகள் உண்டு. "பந்து ஆடியவனுக்கு இருதயம் இரும்பு மாதிரி, அவனுக்கு ஒன்றும் வராது" என்பது ஒன்று. "திடலிலேயே சுருண்டு விழுகிறார்களே, பிள்ளையை அனுப்பாதே" என்பது மற்றொன்று. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி எது என்று தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

90 நிமிட ஆட்டத்தில் நடப்பது என்ன?

முதலில் நல்ல செய்தியைச் சொல்லி விடுகிறேன். ஒரு முழு ஆட்டத்தில் திடலின் நடுப்பகுதியில் ஆடும் விளையாட்டாளர் சுமார் 10 முதல் 12 கிலோமீட்டர் தூரம் கடக்கிறார். அதை ஒரே வேகத்தில் கடப்பதில்லை. நடக்கிறார், மெதுவாக ஓடுகிறார், திடீரென்று பாய்கிறார், நிற்கிறார், திரும்புகிறார், மறுபடியும் பாய்கிறார். இந்த ஏற்ற இறக்கம் இருதயத்துக்கு மிகச் சிறந்த பயிற்சி.

வருடக்கணக்கில் இப்படிப் பழகிய இருதயம் மாறுகிறது. அதன் அறைகள் சற்றுப் பெரிதாகின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. சாதாரண மனிதருக்கு ஓய்வில் இருக்கும்போது நிமிடத்துக்கு 70 முறை துடித்தால், நன்கு பயிற்சி பெற்றவருக்கு 50-க்கும் கீழே இறங்கி விடும். 1899-ஆம் ஆண்டிலேயே ஹென்ஷன் என்ற சுவீடன் மருத்துவர், பனிச்சறுக்கு வீரர்களின் மார்பில் விரலால் தட்டிப் பார்த்தே அவர்களின் இருதயம் பெரிதாக இருப்பதைக் கண்டறிந்தார். அன்று எக்கோ பரிசோதனையும் இல்லை, ஸ்கேனும் இல்லை.

அப்படியானால் இவர்கள் நம்மைவிட அதிக நாள் வாழ்கிறார்களா? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இதை ஆராய்ந்தார்கள். 1900-க்கும் 1976-க்கும் இடையில் பிறந்த 7,676 முன்னாள் தொழில்முறைக் காற்பந்து ஆட்டக்காரர்களையும், அதே வயதும் அதே வசதியும் உடைய பொதுமக்களில் 23,028 பேரையும் ஒப்பிட்டார்கள். முடிவு 2019-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தது. இருதய இரத்தக்குழாய் நோயால் இறக்கும் அபாயம் ஆட்டக்காரர்களுக்குச் சுமார் 20 விழுக்காடு குறைவு. நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் அபாயம் ஏறக்குறையப் பாதிதான். 70 வயது வரை அவர்களிடையே மரணமும் குறைவாகவே இருந்தது.

இதைக் கேட்டதும் எல்லாப் புகழையும் பந்துக்கே கொடுத்து விடாதீர்கள். நுரையீரல் புற்றுநோய் பாதியாக இருக்கிறது என்றால், அவர்களில் புகைத்தவர்கள் குறைவு என்பதற்கு அது ஓர் அடையாளம். பிறவியிலேயே வலுவான இருதயம் உள்ளவர்கள்தாம் தொழில்முறை ஆட்டம் வரைக்கும் போக முடிகிறது என்பதையும் மறக்கக் கூடாது. ஆட்டம், புகையில்லாத பழக்கம், பிறவி வலு ஆகிய மூன்றும் சேர்ந்து கொடுத்த பலன் அது.

இதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. 70 வயதுக்குப் பிறகு கதை மாறுகிறது. ஞாபக மறதி நோய் போன்ற மூளை, நரம்பு நோய்களால் இறக்கும் அபாயம் முன்னாள் ஆட்டக்காரர்களுக்கு ஏறக்குறைய மூன்றரை மடங்காக இருந்தது. 2023-இல் வெளியான சுவீடன் ஆய்வு 6,007 முதல்தர ஆட்டக்காரர்களைப் பார்த்தது. அங்கும் இத்தகைய நோய்கள் ஒன்றரை மடங்காக இருந்தன. இரண்டு நாட்டிலும் கோல்காவலர்களுக்கு இந்தக் கூடுதல் அபாயம் தெரியவில்லை. தலையால் பந்தை முட்டுவதன் மேல் சந்தேகம் விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம். நம் நாட்டு நட்சத்திரம் மொக்தார் டஹாரி 1991-இல் 37 வயதிலேயே இறந்தார். அவரைக் கொண்டுபோனது இயக்க நரம்பு நோய். ஒருவருடைய கதையை வைத்து முடிவு கட்டக் கூடாதுதான். ஆயினும் உடல் வலுவுக்கே பெயர் பெற்ற ஒருவரைக்கூட நோய் விட்டுவைக்கவில்லை என்பதை நாம் கண்டிருக்கிறோம். மூளை பற்றிய பேச்சு தனியாக ஒரு நாளுக்குரியது. நான் இருதயத்துக்குத் திரும்புகிறேன்.

இளைஞர் ஏன் விழுகிறார்?

2003 ஜூன் 26. பிரான்சின் லியோன் நகரில் கேமரூனும் கொலம்பியாவும் ஆடிக் கொண்டிருந்தன. கேமரூனின் மார்க்-விவியன் ஃபோ நடுத்திடலில் நின்றார். அருகில் யாருமில்லை, யாரும் இடிக்கவில்லை. அப்படியே சரிந்தார். வயது 28. ஏழு மாதம் கழித்து, 2004 ஜனவரியில், போர்ச்சுகலில் பென்ஃபிக்கா குழுவின் மிக்லோஸ் ஃபெஹர் விழுந்தார். மஞ்சள் அட்டை வாங்கி, சிரித்துவிட்டு, குனிந்தார், விழுந்தார். வயது 24. 2007 ஆகஸ்டில் செவில்லாவின் அந்தோனியோ புயர்த்தா, வயது 22. 2018 மார்ச்சில் ஃபியோரெந்தினா குழுவின் தலைவர் டாவிடே அஸ்தோரி, ஆட்டத்துக்கு முந்திய இரவு தங்குவிடுதி அறையில் தூக்கத்திலேயே இறந்தார். வயது 31.

இவை மாரடைப்பு என்று நாம் பேசுகிறோம். உண்மையில் இது வேறு. வீட்டில் தண்ணீர்க் குழாய் அடைத்துக் கொள்வது ஒன்று, மின்சாரம் துண்டித்துப் போவது இன்னொன்று. மாரடைப்பு குழாய் அடைப்பு. இருதயத் தசைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபடுகிறது. திடீர் இருதய நிறுத்தம் என்பது மின்சாரக் கோளாறு. துடிப்பு தாறுமாறாகி, இருதயம் இரத்தத்தைத் தள்ளாமல் வெறுமனே நடுங்குகிறது. சில நொடிகளில் மனிதர் நினைவிழந்து விழுகிறார்.

35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இது நேர்வதற்குப் பெரும்பாலும் பிறவியிலேயே இருக்கும் குறைதான் காரணம். இருதயத் தசை அளவுக்கு மீறித் தடித்திருப்பது ஒரு வகை. ஃபோவுக்கு இருந்தது அதுதான். தசையின் இடத்தில் கொழுப்பும் தழும்பும் படர்வது இன்னொரு வகை. குறை பல ஆண்டுகள் சத்தமில்லாமல் உள்ளே இருக்கும். கடுமையான ஓட்டம் அதைத் தூண்டி விடும். ஆட்டம் அந்த நோயை உண்டாக்கவில்லை, ஒளிந்திருந்ததை வெளியே இழுக்கிறது.

முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாதா என்று பெற்றோர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இத்தாலியில் 1982 முதல் போட்டி விளையாட்டில் இறங்கும் ஒவ்வொருவரும் இசிஜி உட்பட மருத்துவப் பரிசோதனை செய்தாக வேண்டும். அங்குள்ள வெனெட்டோ மாநிலத்தில் விளையாட்டாளர்களின் திடீர் இருதய மரணம் 1979-க்கும் 2004-க்கும் இடையில் 89 விழுக்காடு குறைந்தது.

இங்கிலாந்தின் அனுபவம் நம்மைச் சற்று நிதானப்படுத்துகிறது. 1996 முதல் 2016 வரை 11,168 இளம் காற்பந்து ஆட்டக்காரர்களுக்கு, சராசரியாக 16 வயதில், இருதயப் பரிசோதனை செய்தார்கள். 42 பேரிடம் உயிரைப் பறிக்கக்கூடிய குறை கண்டுபிடிக்கப்பட்டது. பரிசோதனை செய்யாவிட்டால் அந்த 42 குடும்பங்களுக்கும் அது தெரியாமலே போயிருக்கும். ஆனால் பின்னாளில் எட்டுப் பேர் திடீர் இருதய மரணம் அடைந்தார்கள். அந்த எட்டில் ஆறு பேருக்கு அன்றைய பரிசோதனை "ஒன்றுமில்லை" என்றே சொல்லியிருந்தது. பரிசோதனைக்கும் மரணத்துக்கும் இடையே சராசரி இடைவெளி ஏறக்குறைய ஏழு ஆண்டுகள். 16 வயதில் தலைகாட்டாத குறை 22 வயதில் தலைகாட்டலாம். ஆகவே பரிசோதனை வேண்டும், ஒரு முறை செய்துவிட்டு அந்தத் தாளை அலமாரியில் பூட்டி வைத்தால் போதாது.

கண்டுபிடித்ததால் பிழைத்தவரையும் சொல்ல வேண்டும். நைஜீரியாவின் நுவான்கோ கானு 1996-இல் ஒலிம்பிக் தங்கம் வென்று, இன்டர் மிலானில் சேர்ந்தார். அங்கே செய்த மருத்துவப் பரிசோதனையில் இருதய வால்வில் கோளாறு தெரிந்தது. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு மீண்டும் திடலுக்கு வந்தார், ஆர்சனலில் பல ஆண்டுகள் ஆடினார். தம் பெயரில் ஓர் அறநிறுவனம் தொடங்கி, ஆப்பிரிக்கப் பிள்ளைகளின் இருதய அறுவைக்கு உதவி வருகிறார்.

பிழைத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்?

2012 மார்ச் 17. இலண்டனில் டோட்டன்ஹாமுக்கு எதிரான ஆட்டத்தில் போல்ட்டன் குழுவின் ஃபப்ரீஸ் முவாம்பா விழுந்தார். வயது 23. அவருடைய இருதயம் 78 நிமிடங்கள் தானாகத் துடிக்கவில்லை. 15 முறை மின்னதிர்வு கொடுத்தார்கள். பார்வையாளராக வந்திருந்த ஒரு இருதய மருத்துவர் திடலுக்குள் ஓடி வந்து உதவினார். 78 நிமிடமும் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்ததால் மூளைக்கு இரத்தம் போய்க்கொண்டிருந்தது. முவாம்பா பிழைத்தார். ஆட்டத்தை விட்டார், வாழ்க்கையை விடவில்லை.

2021 ஜூன் 12. கோப்பன்ஹேகனில் டென்மார்க்கும் பின்லாந்தும் ஆடிய ஐரோப்பியக் கிண்ண ஆட்டம். உங்களில் பலர் அதை நேரலையில் பார்த்திருப்பீர்கள். முதல் பாதி முடியும் தறுவாயில் கிறிஸ்தியன் எரிக்சன் முன்பக்கமாகச் சாய்ந்து விழுந்தார். நடுவர் உடனே மருத்துவரை அழைத்தார். சக வீரர்கள் ஓடிப்போய்த் துணை செய்தார்கள். மருத்துவர்கள் நெஞ்சழுத்தம் கொடுத்தார்கள். ஒரே ஒரு மின்னதிர்வில் துடிப்பு திரும்பியது. நெஞ்சுக்குள் சிறு மின்னதிர்வுக் கருவி பொருத்திக்கொண்டு, எட்டு மாதம் கழித்து இங்கிலாந்தில் மீண்டும் ஆடினார். 2024-இல் அதே ஐரோப்பியக் கிண்ணத்தில் கோல் அடித்தார்.

ஃபோ இறந்தார், எரிக்சன் பிழைத்தார். இடையில் 18 ஆண்டுகள். அதற்குள் உலகம் ஒரு பாடம் கற்றது. ஒருவர் யாரும் இடிக்காமல் விழுந்து, கூப்பிட்டால் பதில் சொல்லாவிட்டால், அது இருதய நிறுத்தம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். உடனே செயல்பட வேண்டும். மின்னதிர்வு கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. பத்து நிமிடம் கழித்து வரும் ஆம்புலன்ஸ் எவ்வளவு பெரிதாக இருந்து என்ன பயன்?

இப்போது நம் திடல்களை நினைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை போட்டி வைக்கிறோம். கிண்ணம் இருக்கிறது, மாலை இருக்கிறது, ஒலிபெருக்கி இருக்கிறது, பிரமுகருக்கு நாற்காலி இருக்கிறது. ஏ.இ.டி. எனப்படும் மின்னதிர்வுக் கருவி இருக்கிறதா? நெஞ்சழுத்தம் கொடுக்கத் தெரிந்தவர் ஒருவராவது இருக்கிறாரா? விழுந்தவனுக்கு முகத்தில் தண்ணீர் தெளித்து, சோடா கொடுத்து, காற்று வரட்டும் என்று கூட்டத்தை விலக்கி நிற்பதுதான் பல இடங்களில் நடக்கிறது. விலைமதிப்பில்லாத நிமிடங்கள் அதில் போய்விடுகின்றன.

பழைய ஆட்டக்காரர் என்ன ஆனார்?

இதுவரை சொன்னது அரிதாக நடப்பது. இனிச் சொல்லப்போவது தினமும் நடப்பது.

35 வயதைத் தாண்டியவர் விளையாடும்போது விழுந்தால் காரணம் பெரும்பாலும் பிறவிக் குறையாக இருப்பதில்லை. நம் எல்லோருக்கும் தெரிந்த இரத்தக்குழாய் அடைப்புதான். ஸ்பெயினின் உலகக் கிண்ண வீரர் இக்கர் காசியாஸ் 2019 மே மாதம் பயிற்சியின்போது மாரடைப்புக்கு ஆளானார். வயது 37. நல்ல வேளையாக உடனே சிகிச்சை கிடைத்துப் பிழைத்தார்.

இதில் நம்மவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை. 2007-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு வரும் வயது 53 என்று தெரிந்தது. மற்ற நாட்டவருக்கு ஏறக்குறைய 59. நாம் ஆறு ஆண்டுகள் முந்திக்கொள்கிறோம். மலேசிய சுகாதார அமைச்சின் 2019-ஆம் ஆண்டு ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மூன்று பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு குழுவில் 11 பேர் என்றால், மூத்தோர் பிரிவில் இறங்கும் நம் குழுவில் எத்தனை பேர் சர்க்கரையோடு ஆடுகிறார்கள் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

"நான் பழைய ஆட்டக்காரன். எனக்கு இருதயம் பலமாக இருக்கும்" என்பார் ஒருவர். எல்லா ஊரிலும் இப்படி ஓர் அண்ணன் உண்டு. எண்பதுகளில் மாநிலத்துக்கு ஆடியிருப்பார். அவர் இடது காலால் அடித்த கோலைப் பற்றி இன்றும் மாமாக் கடையில் பேசுவார்கள். அண்ணனும் அங்கேதான் இருப்பார். முன்னால் தே தாரேக், விரலிடுக்கில் சிகரெட், சட்டைப்பையில் இரத்த அழுத்த மாத்திரை. ஓடிய நாளில் சாப்பிட்ட அளவு குறையவில்லை, ஓட்டம் மட்டும் நின்றுவிட்டது.

அந்த அண்ணனின் இருதயத்தைப் பற்றி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பழைய மாணவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று பேசுகிறது. 1978-இல் வெளியானது. கல்லூரி நாளில் பல்கலைக்கழகக் குழுவில் ஆடியவர்களுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பு குறைவா என்று பார்த்தார்கள். தொடர்ந்து உடலை அசைத்துக்கொண்டிருந்த முன்னாள் விளையாட்டாளர்களுக்கு மட்டுமே அந்தப் பாதுகாப்பு இருந்தது. ஆட்டத்தை விட்டுவிட்டு உட்கார்ந்தவர்களுக்கு இல்லை. இன்னும் ஒரு விந்தை. கல்லூரியில் பந்தையே தொடாமல், பிறகு உடற்பயிற்சியைப் பழகிக்கொண்டவர்களுக்கும் அந்தப் பாதுகாப்பு கிடைத்தது.

வங்கியில் போட்ட பணம் வட்டியோடு காத்திருக்கும். இருதயத்துக்கு அப்படி ஒரு கணக்குப் புத்தகம் கிடையாது. 1985-இல் ஓடிய ஓட்டம் 1985-க்கு உதவியது. இந்த ஆண்டுக்கு இந்த ஆண்டு ஓட வேண்டும்.

இரண்டு மேதைகளை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் ஸ்டான்லி மேத்யூஸ் புகைக்க மாட்டார், உணவில் கட்டுப்பாடு உள்ளவர், காலைப் பயிற்சியை விடாதவர். 1965-இல், 50 வயது நிறைந்து ஐந்து நாள் கழித்து, முதல் பிரிவு ஆட்டத்தில் இறங்கினார். 2000-ஆம் ஆண்டில் 85 வயதில் மறைந்தார். ஹாலந்தின் யோஹான் க்ரைஃப் பந்தைக் கையாண்ட விதத்துக்கு இணை கிடையாது. ஆனால் ஆடிய நாளிலேயே கடுமையாகப் புகைத்தார். 1991-இல், பார்சலோனாவின் பயிற்றுநராக இருந்தபோது, 43 வயதில் அவருக்கு இருதய பைபாஸ் அறுவை செய்ய வேண்டி வந்தது. அதன்பின் சிகரெட்டை விட்டார். புகையிலை எதிர்ப்பு விளம்பரத்தில் சிகரெட்டுப் பெட்டியைப் பந்துபோல் காலால் தட்டி உதைத்துக் காட்டினார். 2016-இல் நுரையீரல் புற்றுநோயால் 68 வயதில் இறந்தார். ஆட்டத்தில் இருவரும் சிகரம். ஆயுளில் பெரிய வேறுபாடு.

வாரம் ஒரு நாள் வீரர்கள்

அண்ணனுக்குத் திடீரென்று ரோஷம் வந்துவிடுகிறது. மூத்தோர் போட்டி என்று அறிவிப்பு வந்ததும் பழைய காலணியைத் தேடி எடுக்கிறார். ஆறு மாதம் உட்கார்ந்த உடம்பு, ஒரே நாளில் நான்கு ஆட்டம், அதுவும் நண்பகல் வெயிலில்.

1993-இல் அமெரிக்காவில் மாரடைப்பு வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் விசாரித்த ஓர் ஆய்வு, கடும் உழைப்பின்போதும் அதற்கடுத்த ஒரு மணி நேரத்திலும் மாரடைப்பு அபாயம் எவ்வளவு கூடுகிறது என்று கணக்கிட்டது. வாரத்தில் ஒரு நாள்கூட ஒழுங்காகப் பயிற்சி செய்யாதவருக்கு அது 100 மடங்குக்கு மேல் கூடியது. வாரத்தில் ஐந்து நாளும் அதற்கு மேலும் பயிற்சி செய்பவருக்கு இரண்டரை மடங்குகூட ஆகவில்லை. பயப்பட வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குரிய அபாயம் மிகச் சிறியது, சிறியதன் நூறு மடங்கும் பெரிதாகி விடாது. ஆனால் புகை, சர்க்கரை, அழுத்தம் மூன்றும் உள்ளவருக்கு அந்தச் சிறியது ஏற்கெனவே அவ்வளவு சிறியதாக இருப்பதில்லை.

அதே காற்பந்து முறையோடு ஆடினால் மருந்தாகிறது. டென்மார்க்கில் உயர் இரத்த அழுத்தமுள்ள நடுத்தர வயது ஆண்களை வாரம் இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் பந்து ஆட வைத்தார்கள். பரிசு இல்லை, கிண்ணம் இல்லை, சும்மா ஆட்டம். ஆறு மாதத்தில் அவர்களின் சராசரி இரத்த அழுத்தம் 151/92-இலிருந்து 139/84-க்கு இறங்கியது.

நாம் செய்யக்கூடியவை

நேரம் நெருங்குவதால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, பெற்றோர்களுக்கு. பிள்ளையை ஆட விடுங்கள். அதற்கு முன் குடும்பத்தில் யாராவது 50 வயதுக்குள் திடீரென்று இறந்தார்களா என்று பாட்டியிடம் கேளுங்கள். ஓடும்போது பிள்ளை மயங்கி விழுந்தால், நெஞ்சு வலிக்கிறது என்றால், வெயில் என்று சமாதானம் சொல்லாமல் மருத்துவரிடம் காட்டி இசிஜி எடுங்கள். போட்டி விளையாட்டில் தொடர்ந்து இருக்கும் பிள்ளைக்குப் பரிசோதனையைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மீண்டும் செய்வது நல்லது. காய்ச்சல் அடிக்கும்போது ஆட விடவே கூடாது. சில கிருமிகள் இருதயத் தசையைத் தாக்கக்கூடியவை.

இரண்டாவது, 35-ஐத் தாண்டியவர்களுக்கு. மறுபடியும் ஆட ஆசையா? நல்லது. முதலில் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றையும் பாருங்கள். பிறகு நடையில் தொடங்குங்கள், சில வாரம் மெல்லோட்டம், அதன்பின் பந்து. ஆடும்போது நெஞ்சில் பாரம், தாடையிலோ இடது கையிலோ வலி, காரணமில்லாத மூச்சிரைப்பு வந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். வாயுத் தொல்லை என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள்.

மூன்றாவது, ஆட்டத்தை விட்டவர்களுக்கு. முட்டி தேய்ந்துவிட்டது, பந்து ஆட முடியாது என்றால் நடக்கலாம், நீந்தலாம், மிதிவண்டி ஓட்டலாம். உலகச் சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி. ஒன்றரை ஆட்டத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரம்தான். அதோடு சாப்பாட்டுத் தட்டும் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெறட்டும். சிகரெட்டைப் பற்றி க்ரைஃப் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நான்காவது, குழுக்களுக்கும் போட்டி ஏற்பாட்டாளர்களுக்கும். கிண்ணம் வாங்கும் பணத்தில் கொஞ்சம் ஒதுக்கி இரண்டு பேரை முதலுதவிப் பயிற்சிக்கு அனுப்புங்கள். திடலுக்கு அருகில் ஏ.இ.டி. கருவி எங்கே இருக்கிறது என்று ஆட்டத்துக்கு முன்பே விசாரித்து வையுங்கள். சிங்கப்பூரில் வீவக அடுக்குமாடிகளின் மின்தூக்கி அருகே அக்கருவிகளைப் பொருத்தியிருக்கிறார்கள். யாராவது விழுந்தால் ஒருவர் மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 அழைக்கட்டும். ஒருவர் கருவியைக் கொண்டுவர ஓடட்டும். ஒருவர் மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தட்டும். விட்டுவிட்டு வரும் பெருமூச்சைப் பார்த்து மூச்சு இருக்கிறது என்று நிறுத்தி விடாதீர்கள். கருவியைத் திறந்தால் அதுவே என்ன செய்ய வேண்டும் என்று குரல் கொடுத்துச் சொல்லும்.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள் நம் பெரியோர். பாடின வாய் சும்மா இருப்பதில்லை, அது உண்மை. மாமாக் கடைக்குப் போனால் பழைய கோல்களின் கதை கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஆடின கால்தான் பல வீடுகளில் சும்மா இருக்கிறது. அந்தக் காலை எழுப்பிவிடுங்கள் என்று வீட்டிலுள்ள தாய்மார்களையும் பிள்ளைகளையும் கேட்டுக்கொள்கிறேன். இன்று மாலையே அப்பாவைக் கையைப் பிடித்துத் திடலுக்கு அழைத்துப் போங்கள். பந்து வேண்டாம், முதலில் இரண்டு சுற்று நடக்கட்டும்.